மெக்சிகோவின் சுவரொட்டிப் பட்டறை

சந்தையில் ஓரிரு காசுக்கு விற்ற துண்டுத்தாள்களுக்கு எலும்புக்கூடுகளைச் செதுக்கிக் கொடுத்த ஹோசே குவாதலூப்பே பொசாதாவைப் போன வாரம் பார்த்தோம். 1913இல் வறுமையில் மறைந்தவர் அவர். அவரைத் தங்கள் ஆசானாக வரித்துக்கொண்ட சிலர், 24 ஆண்டுகள் கழித்து, அதே மெக்சிகோ நகரில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். லெயோபோல்தோ மெந்தெஸ், லூயிஸ் அரெனால், அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவைச் சொந்த ஊராக்கிக்கொண்ட பாப்லோ ஓஹிக்கின்ஸ் ஆகிய மூவரும் முன்னின்றார்கள். பட்டறையின் பெயர் 'தாயெர் தெ கிராஃபிகா போபுலார்'. மக்கள் வரைகலைப் பட்டறை என்று நாம் சொல்லலாம்.

அதற்குள் ரிவேராவும் ஒரோஸ்கோவும் அரசுக் கட்டடங்களின் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டி உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். ஆனால் சுவரோவியம் இருந்த இடத்திலேயே இருக்கும். நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். சுரங்கத்திலும் கரும்புக்காட்டிலும் உழைப்பவர் எப்போது அமைச்சக மாளிகைக்குள் நுழையப் போகிறார்? அவர் நடக்கும் தெருவுக்கே படம் வர வேண்டும் என்று மெந்தெஸும் தோழர்களும் நினைத்தார்கள். காலமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதிபர் லாசரோ கார்தெனாஸ் நிலங்களை உழவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1938 மார்ச்சில் அந்நிய எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கினார். தொழிற்சங்கங்கள் வலுத்துவந்தன. கூட்டம், வேலைநிறுத்தம், ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் சுவரொட்டி தேவைப்பட்டது.

பட்டறையின் முக்கியமான பொருள் லினோலியம். தரையில் விரிக்கிற அதே விரிப்புதான். மரத்தைப் போல அதில் இழையோட்டம் கிடையாது, உளி கை போன பக்கமெல்லாம் போகும். விலையும் மலிவு. செதுக்கிய கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்து முடுக்கினால், வண்ண மெல்லிய தாளில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். மாலையில் செதுக்கத் தொடங்கியது விடிவதற்குள் சுவரில் பசையோடு நிற்கும். அன்றைய மெக்சிகோவில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே வாசகம் சொல்லத் தவறுவதையும் படம் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பட்டறையின் உண்மையான வலிமை, கூட்டாக உட்கார்ந்து பேசியதில் இருந்தது என்பது என் எண்ணம். சங்கத்திலிருந்து வேலை வரும். ஒருவர் முதல் வரைவைப் போடுவார். வாரக்கூட்டத்தில் மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். அந்த முகம் யாருடையது என்று புரிகிறதா, அந்தக் கை ஏன் அங்கே இருக்கிறது என்று கேள்விகள் வரும். திருத்திய பிறகுதான் உளி இறங்கும். அவசரத்துக்கு அடித்த தாள்களில் கலை இருக்காது என்று நினைப்பவர்கள், மெந்தெஸ் 1939இல் வெளியிட்ட 'கிறிஸ்துவின் பெயரால்' தொகுப்பைப் பார்க்க வேண்டும்.

அதில் ஏழே ஏழு கல்லச்சுப் படங்கள். அரசின் சோஷலிசக் கல்வியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோன ஆசிரியர்களை மதவெறியர்கள் வேட்டையாடிய காலம் அது. கொல்லப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல் என்கிறது தொகுப்பின் முகப்பு. படங்களின் கீழே ஆசிரியரின் பெயர், ஊர், நாள். 1938 ஜூனில் அகாம்பரோ என்னும் ஊரில் ஹுவான் மார்த்தினெஸ் எஸ்கோபார் தம் மாணவர்களின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். செய்தித்தாளில் சில வரிகளோடு மறைந்திருக்கக்கூடிய மனிதர். மெந்தெஸ் அவரைப் பெயரோடு நிறுத்தி வைத்தார்.

அதே மெந்தெஸ் 1942இல் செதுக்கியது 'மரணத்தை நோக்கி நாடுகடத்தல்'. இரவு, விளக்கொளி, சரக்கு ரயில் பெட்டிக்குள் நெருக்கியடித்த மனிதர்கள், வெளியே ஆயுதம் தாங்கிய காவல். நாஜிகள் யூதர்களை வதைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்களை உலகக் கலையில் முதன்முதலாகக் காட்டிய படங்களில் ஒன்று இது. மெக்சிகோவில் தஞ்சம் புகுந்த ஜெர்மானிய எழுத்தாளர்கள் 1943இல் கொண்டுவந்த 'ஐரோப்பாவில் நாஜி பயங்கரத்தின் கருப்புப் புத்தகம்' இதையும் சுமந்து வந்தது. வதைமுகாம்களின் கதவுகள் திறக்கப்பட இன்னும் நாள் இருந்தது.

1947இல் மெக்சிகப் புரட்சியின் கதையை 85 லினோ படங்களாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான 'ரியோ எஸ்கோந்திதோ' திரைப்படத்தில் மரியா ஃபெலிக்ஸ் கிராமத்து ஆசிரியையாக நடித்தார். தொடக்க எழுத்துகளுக்குப் பின்னே மெந்தெஸின் செதுக்கோவியங்கள் திரை முழுக்க விரிந்தன.

ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். 1940 மே 24 அதிகாலையில், மெக்சிகோவில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் வீட்டில், சுவரோவியர் சிக்கெய்ரோஸ் தலைமையில் துப்பாக்கிச் சூடு நடத்திய கும்பலில் இந்தப் பட்டறையின் அரெனாலும் அந்தோனியோ புஹோலும் இருந்தார்கள். ட்ராட்ஸ்கி தப்பினார், அவருடைய இளம் காவலர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். ஏழைகளுக்காக உளி பிடித்த கைகள் இதைச் செய்தன என்பதை எந்த நற்பணியைக் காட்டியும் மறைக்க முடியாது.

1946இல் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார் எலிசபெத் காட்லெட். அடிமைகளின் பேத்தி. கறுப்பினப் பெண்களின் உழைப்பையும் போராட்டத்தையும் 15 லினோ படங்களாக இங்கேதான் செதுக்கினார். பட்டறையைக் கம்யூனிஸ்ட் அமைப்பு என்று அமெரிக்க அரசு பட்டியலிட்டது. 1962இல் அவர் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், பிறந்த நாட்டின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. அதற்குள் பட்டறையும் உட்பூசலில் உடைந்து, மெந்தெஸ் வெளியேறியிருந்தார். 1971இல் நியூயார்க்கின் ஹார்லெமில் காட்லெட்டின் படங்களுக்குக் கண்காட்சி ஏற்பாடானபோது, பலரும் கடிதம் எழுதி வற்புறுத்திய பிறகே விசா கிடைத்தது.

(தொடரும்)