செஞ்சிச் சுவடியும் நம் செல்பேசியும்

செஞ்சிக் கோட்டைக்கு நீங்கள் சென்றிருக்கலாம். இராஜகிரியில் ஏறிக் களைத்து, கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் படம் எடுத்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவற்றுள் ஒரு படம் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே? பழைய செல்பேசியிலா, கணினியிலா, பென் டிரைவிலா, யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலிலா? படம் இருக்கிறது, கைக்குத்தான் அகப்படவில்லை!

இந்தத் தொல்லை கணினியோடு பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். செஞ்சியின் வரலாறே ஒரு காலத்தில் இப்படிச் சிக்கிக்கொண்டதுண்டு.

1803-ஆம் ஆண்டில், ஆர்க்காட்டுப் பகுதியில் பொறுப்பில் இருந்த மெக்லியாட் என்ற கம்பெனி அதிகாரி கேட்டுக்கொண்டதன் பேரில், செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் பிள்ளை ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. செஞ்சியை ஆண்டதாகச் சொல்லப்படும் கோனார் மரபினர், பின் வந்த நாயக்கர்கள், 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜன் ஆகியோரைப் பற்றி ஊரில் வழங்கிய செய்திகளை அது தாங்கி நிற்கிறது. இச்சுவடி காலின் மெக்கன்சியின் தொகுப்பில் இடம்பெற்றது.

யார் இந்த மெக்கன்சி? நில அளவை அதிகாரி. 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானவர். ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேகரித்தார். நம் மொழிகள் எதையும் அவர் அறியார். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்களே அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தனர். சேர்ந்தவை கொஞ்சமா? 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள்!

இவற்றுக்கு விரிவான பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று மெக்கன்சி விரும்பினார். அது முடியுமுன் 1821-இல் இறந்துபோனார். எது எங்கிருந்து வந்தது, எதனோடு எது தொடர்புடையது என்னும் விவரங்களில் பெரும்பகுதி அவர் நினைவிலும் உதவியாளர் நினைவிலுமே இருந்தது. கம்பெனி அரசு அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வில்சன் என்ற அறிஞர் 1828-இல் பட்டியல் வெளியிட்டார். அவர் வடமொழி வல்லவர். தமிழோ தெலுங்கோ அறியாதவர். ஆகவே பிறர் எழுதித் தந்த சுருக்கங்களையே நம்ப வேண்டியிருந்தது.

இதற்கிடையில் தொகுப்பும் பிரிந்தது. ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. ஒரு பகுதி சென்னைக்குத் திரும்பியது. விவரம் அறிந்த லட்சுமய்யா, பணியைத் தொடர முன்வந்தும் வாய்ப்புப் பெறவில்லை. 1830-களில் வில்லியம் டெய்லர் சென்னையிலிருந்த சுவடிகளை ஆராய்ந்தபோது சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. சிலவற்றில் மை மங்கியிருந்தது. அழியும் நிலையில் இருந்தவற்றுக்கு அவர் புதுப்படி எடுக்கச் செய்தார். செஞ்சிச் சுவடி எப்படியோ பிழைத்தது. 1943-இல் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, நாராயணன் பிள்ளையின் எழுத்து அவருக்குக் கைகொடுத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சேர்ப்பது பாதி வேலைதான். சேர்த்தவரின் நினைவே பட்டியலாக இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும். கருவிகள் பலவாக இருப்பதில் குற்றமில்லை. ஓலை, காகிதம், நாணயம் என்று மெக்கன்சியிடமும் பல இருந்தன. அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு படத்துக்கு எண்களால் ஆன பெயரை விட்டுவைக்காமல், 'செஞ்சி, நெற்களஞ்சியம், 2025' என்று பெயரிடுங்கள். எந்தக் கோப்பு எந்தக் கருவியில் உள்ளது என்பதை ஓரிடத்தில் எழுதுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் மறுபடி வையுங்கள். மின்னணுக் கருவிகளும் பழுதாகும் அல்லவா? வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் குறிப்பேட்டைக் காட்டி வையுங்கள்.

செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லால் ஆன கோட்டை நமக்காகக் காத்து நிற்கும். பாட்டியின் குரல் பதிந்த கோப்பு அப்படி நிற்குமா? இன்றே அதற்கு ஒரு பெயர் எழுதி வையுங்கள்.