புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி: நீக்கமும் தீர்ப்புகளும்

புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி, 2008 மறுசீரமைப்பில் நீக்கப்பட்ட தமிழகத் தொகுதிகளுள் ஒன்று. முதல் பொதுத்தேர்தலில் கே. எம். வல்லத்தரசு இங்கு வென்றார். கடைசி உறுப்பினர் 2004-இல் வென்ற எஸ். ரகுபதி.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான வரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு எல்லைகளை மாற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்திலிருந்து ஆறாயின. குளத்தூர் மறைந்து கந்தர்வக்கோட்டையும் விராலிமலையும் வந்தன. ஆனால் அந்த ஆறும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்தன: கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான் கணக்கு. சரியாக ஆறு வைத்திருந்த மாவட்டம் தன் பெயரிலான தொகுதியை இழந்ததுதான் உள்ளூர் ஆதங்கத்தின் வேர். 2009 தேர்தலில், யாருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ விதியைப் பயன்படுத்தக் கோரும் எதிர்ப்பும் இதையொட்டியே எழுந்தது.

நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் சௌகரியம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது 2002-ஆம் ஆண்டு வரையறைச் சட்டம். ஆனால் தொகுதி புவியியல்ரீதியாகக் கச்சிதமாக இருக்கவேண்டும் என்பதை ‘இயன்றவரை’ என்ற சொல்லோடுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு மாவட்டமே சிதறிப்போக இடமிருக்கிறது.

நீதிமன்றம் போனால் என்ன ஆகும்? அரசமைப்பின் 329-ஆம் பிரிவு, தொகுதி வரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தத் தடை விதிக்கிறது. உஜ்ஜைன் தொகுதி தொடர்பான மேக்ராஜ் கோத்தாரி வழக்கில், அரசிதழில் வெளியான ஆணைய உத்தரவும் சட்டத்துக்கு நிகரானது என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்றுவிடும் என்பது அதன் அச்சம். இந்தக் கதவு 2024 ஜூலையில் சற்றே திறந்தது. குஜராத்தின் பர்தோலி பற்றிய வழக்கில், அப்பட்டமான தன்னிச்சையும் அரசமைப்பு மதிப்புகளோடு ஒவ்வாமையும் தெரிந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஊரின் பெயர் போனது என்ற வருத்தம் மட்டும் அந்த அளவுகோலை எட்டாது.

எல்லைக்கு அடிப்படையான கணக்கெடுப்பில் எந்தக் கேள்வி கேட்பது என்பதிலும் நீதிமன்றம் ஒதுங்கி நிற்கும் இதே போக்குதான். 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி கேள்விகளைத் தீர்மானிப்பது மத்திய அரசு. சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, அது கொள்கை முடிவு என்று சொல்லி 2014 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் கட்டளையிட மறுத்ததை 2025 ஏப்ரல் 30-இல் மத்திய அமைச்சரவைக் குழுவே செய்தது: வரும் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்ற அறிவிப்பு.

அமெரிக்காவில் கணக்கெடுப்புக் கேள்வி, தொகுதி எல்லை இரண்டும் ஒரே நாளில், 2019 ஜூன் 27-இல், தீர்ப்பாயின. கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க அரசு சொன்ன காரணம் ஜோடிக்கப்பட்டது என்று கருதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. கட்சி லாபத்துக்காக எல்லை வரைவதோ நீதிமன்றம் தீர்க்கக்கூடிய விவகாரமல்ல என்று மத்திய நீதிமன்றங்களை ஒதுங்கச் சொன்னது.

மீண்டும் புதுக்கோட்டைக்கு வந்தால், அந்த மாவட்டம் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் வரம்பில் வருகிறது. தென்காசி தனித்தொகுதி வழக்கில் 2021 ஆகஸ்டில் அந்தக் கிளை, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு 41 மக்களவை இடங்களிலிருந்து 39-க்கு இறங்கியதைச் சுட்டி, மத்திய அரசு ரூ.5,600 கோடி இழப்பீடு ஏன் தரக்கூடாது என்று கேட்டது. இந்த இடங்களின் எண்ணிக்கையை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை உறைய வைத்தது 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது அரசமைப்புத் திருத்தச் சட்டம். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாளோ 2026-க்குப் பிந்தைய 2027 மார்ச் 1.