பழைய காரின் என்ஜின் உதறுகிறதா? பிளக்கை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஏர்கோனைப் போட்டால் என்ஜின் அணைந்துவிடும் போலத் திணறுகிறது. புறப்பட்டு ஓடத் தொடங்கியதும் ஓரளவு சரியாகிவிடுகிறது. பழைய சாகா, விரா, கஞ்சில், மைவி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டப்புறங்களில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அந்த ஒரு கார்தான் என்பதால், இதைத் தள்ளிப்போடவும் முடிவதில்லை.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றதும் இன்னொன்றில் கேபிளை மாற்றுகிறார்கள். மூன்றாவது இடத்தில் பெட்ரோல் பம்ப். நூற்றுக்கணக்கான ரிங்கிட் கரைந்த பிறகு, விரிசல் விட்ட ஒரு சிறு ரப்பர் குழாய்தான் காரணம் என்று தெரிய வருகிறது. சாமானை மாற்றிப் பார்ப்பது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு.

பெட்ரோல் என்ஜினுக்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை இறுக்கிப் பிடிக்கும் கம்பிரஷன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சிலிண்டரில் கலவை எரியாமல் போகும். அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். நிமிடத்திற்கு 800 சுற்றில் நிற்கும் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு நிமிடத்திற்கு 1,600 முறை எரிப்பு நடக்கிறது. மூன்று சிலிண்டர் கொண்ட கஞ்சிலில் அது 1,200தான். கஞ்சில் நல்ல நிலையில் இருக்கும்போதே சற்று அதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இயல்பான அதிர்வை நோய் என்று நினைத்துச் செலவு செய்தவர்களும் உண்டு.

பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது உதறுகிறது?

நிற்கும்போது மோசமாக உதறி, ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிட்டால், காற்றுக் கசிவின் மீதே முதல் சந்தேகம் விழ வேண்டும். நிற்கும்போது என்ஜின் மிகக் குறைந்த காற்றைத்தான் இழுக்கிறது. அந்த நேரத்தில் வெடித்த குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவையின் அளவே கெட்டுவிடும். வேகம் கூடியதும் உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு சிறியதாகிவிடுகிறது.

நேர்மாறாக, நிற்கும்போது ஓரளவு ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏறும்போதோ முந்திச் செல்ல மிதிக்கும்போதோ வெட்டி வெட்டி இழுத்தால், அது பெரும்பாலும் தீப்பொறிப் பக்கத்துக் கோளாறு. பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவை. களைத்துப்போன காயிலும் கேபிளும் அங்கேதான் கைவிடும். இதே இடத்தில் அடைத்துப்போன பெட்ரோல் பில்டரும் ஆள்மாறாட்டம் செய்யும். ஆனால் பெட்ரோல் பற்றாக்குறையில் இழுவை மெல்ல மெல்லச் சோர்ந்து போகும். தீப்பொறிக் கோளாறில் பட்டென்று குலுக்கும்.

மழை நாளிலும் கார் கழுவிய பிறகும் மட்டும் வந்தால் பிளக் கேபிளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மின்சாரம் விரிசல் வழியே வெளியே ஓடிவிடும். இருட்டிய பின், வெளிச்சம் இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், கெட்ட கேபிளைச் சுற்றி நீல நிறத்தில் சிறு மின்னல்கள் தெரியும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை இன்றைய பட்டறைகள் பல மறந்தே விட்டன. ஆனால் கையை உள்ளே விடக்கூடாது. அந்தக் கேபிளில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகில் நிற்கவே வேண்டாம். கைலியோடும் தொங்கும் துண்டோடும் ஓடும் என்ஜின் மீது குனிவதும் ஆபத்து. மின்விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கும், பெல்ட் துணியை இழுத்துக்கொள்ளும்.

ஏர்கோன் போட்டால் மட்டும் திணறினால் திரோட்டல் பாடியில் படிந்த கரியும், நிற்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் காரணமாக இருக்கலாம். கம்பிரசரின் பாரத்தை ஈடுகட்ட என்ஜினுக்குக் கூடுதல் காற்று வேண்டும். அந்த வழியில் கரி அடைத்திருந்தால் வேகம் ஏறாது. அதற்குரிய திரவத்தால் சுத்தம் செய்தாலே பல கார்கள் தெளிந்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய சாகாவில், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் என்ஜின் அணைந்துபோனால் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கலவைத் திருகாணியைக் கண்டபடி திருகினால் புது நோயும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையும் கவனித்த பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், அதுவும் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வைத்துப் பார்ப்பது அவசியம். வெளிர் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் எரிப்பே நடக்கவில்லை. எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங் அல்லது வால்வு சீல். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் பழுது அந்தச் சிலிண்டரில். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில். மைவி போன்று பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும் என்ஜின்களில், வால்வு மூடியின் சீல் கசிந்து குழியில் எண்ணெய் தேங்கும். அந்த நிலையில் புது காயில் போட்டாலும் சில மாதங்களில் அதுவும் எண்ணெயில் ஊறிக் கெடும்.

காயில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனியாக இருக்கும் கார்களில் இடமாற்றிப் பார்ப்பது நம்பகமான வழி. ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். அந்தக் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிய பிறகு பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். எண் மாறாவிட்டால் காயில் வாங்கக் கூடாது; பிளக், இன்ஜெக்டர், கம்பிரஷன் என்று தேட வேண்டும். 1990-களின் கார்கள் பலவற்றில் இன்றைய பொது ஸ்கேனர் பேசாது. அங்கே காதும் கண்ணும்தான் கருவி.

காற்றுக் கசிவைத் தேட, ஓடும் என்ஜினின் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வளைத்துப் பார்க்கலாம். உஸ்ஸென்ற சத்தம் மாறினால் இடம் அதுதான். சிலர் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துச் சோதிப்பார்கள். சூடான எக்சாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். மின் இணைப்புகளை விட்டுவிட்டு, குழாய்களின் மீது மட்டும் மெல்லிய நீர்த்தூவல் அடித்தால் போதும்.

என்ஜினில் குறையே இல்லாமல் கார் உதறுவதும் உண்டு. ஆட்டோ கியர் காரில் டி-யில் நிற்கும்போது நடுங்கி, என்-க்கு மாற்றியதும் அடங்கினால், டக்கோமீட்டர் முள்ளும் ஆடாமல் இருந்தால், என்ஜின் மவுண்டிங் செத்திருக்கலாம். இதற்குப் பிளக் மாற்றிப் பயனில்லை.

செக் என்ஜின் விளக்கு தொடர்ந்து எரிவதற்கும் மின்னி மின்னி எரிவதற்கும் வேறுபாடு உண்டு. மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று எச்சரிக்கை. அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். அந்த நிலையில் காய்ந்த லாலான் புல்லின் மீது காரை நிறுத்துவது தீயை அழைப்பதற்குச் சமம்.

எதிலும் பிடிபடாவிட்டால் கம்பிரஷன் சோதனை. சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காடு வரை வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். குறைந்திருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மீண்டும் சோதித்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கெட் அவற்றுக்கிடையே வெந்திருக்கக் கூடும். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் உதறலும் வெண்புகையும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அதுவும் கேஸ்கெட்டின் கதைதான். அதோடு தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளைந்து செலவு பல மடங்காகும்.

ரிங் போன பழைய காரில் என்ஜினைப் பிரித்துச் செய்வதைவிட ஹாப்-கட் கடையில் வேறு என்ஜின் வாங்குவது மலிவு என்று போர்மன் சொல்லக் கூடும். பல நேரம் அது உண்மை. ஆனால் அந்த என்ஜினுக்கும் வாங்கும் முன்பே கம்பிரஷன் சோதனை கேட்க வேண்டும். முறையான ரசீது வேண்டும். என்ஜின் எண் மாறுவதால் ஜேபிஜே-யில் வாகனப் பதிவையும் திருத்த வேண்டும். அந்த அலைச்சலையும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே தலையாட்டலாம்.