வெள்ளவத்தைப் புகையிரத நிலையம்: வரலாறும் சேவையும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் கோயில்களையும் ஆராய்வர். புகையிரத நிலையங்களைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. ஆயினும் கொழும்பின் தென்புறத்தில் வெள்ளவத்தை என்னும் புறநகர் வளர்ந்த கதையை அதன் புகையிரத நிலையத்தை விடுத்துக் கூறுதல் இயலாது.

இலங்கையில் முதற் புகையிரதப் பாதை 1865ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை திறக்கப்பட்டது; 1867இல் அது கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொணர்வதே அதன் முதல் நோக்கம். கரையோரப் பாதையோ பெரிதும் மனிதரை ஏற்றிச் செல்லும் பாதையாக வளர்ந்தது. 1877இல் பாணந்துறை வரை ஓடிய வண்டி, 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டியது. 2019இல் அப்பாதை பெலியத்தை வரை நீண்டது. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் காலி வீதியில் ஊர்ந்த காலத்திலே, தண்டவாளங்கள் கடலலையின் ஓரமாகவே இடப்பட்டன. அவற்றின் இடையகலம் 5 அடி 6 அங்குலம்.

இக்கடலோர அமைப்பு கண்ணுக்கு இனியது, காப்பதற்கோ அரியது. உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. அலை கரையைத் தின்கிறது. ஆகவே பாதையைக் காக்கப் பெருங்கற்கள் குவிக்கப்பட்டுள்ளன. மாலையில் காற்று வாங்கக் கடற்கரைக்கு வருவோர் அக்கற்களின்மீது அமர்ந்திருப்பர். அவை எதற்காக அங்கே கிடக்கின்றன என எண்ணுவோர் குறைவு.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டை நிலையம் ஐந்து மைலுக்குட்பட்டது. இடையிலே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம் ஆகிய நிறுத்தங்கள் உள. அரசாங்க இலிகிதர், ஆசிரியர், கடைச் சிப்பந்திகள், மாணவர் யாவரும் 'சீசன்' சீட்டுடன் காலையிற் சென்று மாலையில் மீளலாயினர். அலுவலகத்தின் அருகே வீடு தேட வேண்டிய நிலை மாறியது. இங்கு நிறுவப்பட்ட நூற்பு நெசவு ஆலை தொழிலாளரை ஈர்த்தது. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. ஆலை மறைந்துவிட்டது, நிலையம் நிலைத்திருக்கிறது.

வடபகுதியிலிருந்து உத்தியோகம் நாடி வந்த தமிழ் மக்கள் பலர் இவ்வூரிலேயே குடியேறினர். கடலோரத்து இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் அயலிலுள்ள கோயில்களும் அவர்தம் சமய வாழ்வுக்கு நிழலாயின. 1905இல் கொழும்பும் காங்கேசன்துறையும் இருப்புப் பாதையால் இணைக்கப்பட்டமையே இக்குடியேற்றத்தை எளிதாக்கிற்று. 1956 ஏப்ரில் 23ஆம் நாள் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியதும் ஊருக்கும் உத்தியோகத்துக்கும் இடையேயுள்ள தூரம் மேலும் சுருங்கியது. கோட்டையில் இறங்கிப் பெட்டி படுக்கையுடனும் பனங்கட்டிக் குட்டானுடனும் கரையோர வண்டிக்கு மாறி வந்தோரைப் பற்றி எம் மூத்தோர் இன்றும் கூறுவர்.

துன்ப நாள்களும் உண்டு. 1958இலும் 1983இலும் நிகழ்ந்த கலவரங்களின்போது கொழும்புத் தமிழர் பலர் அகதிகளாகிக் கப்பலில் வடக்கே சென்றனர். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 1996 யூலை 24ஆம் நாள், அடுத்த நிலையமாகிய தெகிவளையில், வேலை முடிந்து திரும்பிய மக்கள் நிறைந்த வண்டியிலே குண்டுகள் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மடிந்தோர் அன்றாடப் பயணிகள், எவரோடும் பகையில்லாதோர். 2004 டிசம்பர் 26இல் கோட்டையிலிருந்து இவ்வழியே மாத்தறை நோக்கிச் சென்ற வண்டியை, காலிக்கு வடக்கே பெரலியவில் ஆழிப்பேரலை விழுங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். எனினும் இரண்டு மாதங்களுள் பாதை மீண்டும் திருத்தப்பட்டமை புகையிரத ஊழியரின் உழைப்புக்குச் சான்றாகும்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் வண்டி மீண்டும் அடைந்தது. பின்னர் வடக்குக்கான வண்டிகள் சில கல்கிசையிலிருந்தே புறப்பட்டு வெள்ளவத்தையிலும் நின்று சென்றன. முன்னோர் கோட்டையிலே வண்டி மாறினர். அவர்தம் பேரர் வீட்டு வாசலிலேயே யாழ்ப்பாண வண்டி ஏறினர். இருபத்துநான்கு ஆண்டுகள் அறுந்து கிடந்த உறவை மீளப் பிணைத்ததினும் பெரிய சேவை ஒரு நிலையத்துக்கு வேறென்ன வேண்டும்?

நிற்க. இந்நிலையத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? தரிப்பு மேடைக்குச் சுற்றிச் செல்லச் சோம்பித் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கின்றோம். மிதிபலகையிலே தொங்குவதை வீரமெனக் கருதுகின்றோம். சீட்டின்றிச் செல்வதைச் சாமர்த்தியம் என்கின்றோம். முதியோரும் கருவுற்ற தாய்மாரும் நிற்க, நாம் அமர்ந்திருக்கின்றோம். தொண்டு என்பது திருவிழா நாளில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதோடு முடிவதன்று; நெரிசல் மிகுந்த வண்டியிலே எழுந்து இடம் விடுவதும் தொண்டேயாகும். நம் சங்கத்தின் இளைஞர் மாதம் ஒரு ஞாயிறன்று நிலையத்தையும் அதன் கடற்புறத்தையும் சிரமதானத்தால் தூய்மை செய்ய முன்வருதல் வேண்டும்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் தன் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்நிலையம். வருவோர் எம்மொழியினர், எம்மதத்தினர் என அது வினவுவதில்லை; சீட்டு உண்டா என்பதொன்றையே வினவுகிறது. அச்சமநோக்கை நாமும் கற்றுக்கொள்வோமாக.