பொல்கொல்லையிற் பிரியும் நீர்

கண்டி மாநகரை வளைந்து செல்லும் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கை ஆறுகளுள் மிக நீண்டதும் அதுவே. நகருக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு ஒரு தடுப்பணை நிறைவெய்தியது. அணை சிறிது, ஆயினும் ஆங்குத் தீர்க்கப்படும் வழக்குப் பெரிது.

அணையில் மறிக்கப்படும் நீர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே வடக்கே சென்று, உக்குவளையில் மின்னை ஆக்கி, போவத்தன்னையை அடைந்து, கலாவாவி முதலாய உலர் வலயக் குளங்களை நிரப்புகின்றது. மறிக்கப்படாத நீர் விக்டோரியா அணையை அடைகின்றது. 1985 இல் திறக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமுடையது. உக்குவளை நிலையத்தின் ஆற்றல் ஏறக்குறைய 40 மெகாவாற்று. விக்டோரியாவினதோ 210 மெகாவாற்று. அதனைக் கடந்த நீர் றந்தெனிகலையிலும் றந்தம்பையிலும் மீண்டும் சுழலிகளை இயக்கிய பின்னரே மினிப்பே வயல்களுக்குப் பாயும். எனவே வடக்கே திருப்பப்படும் ஒவ்வொரு துளியும் மின்னிற் சிறிது இழப்பை உண்டாக்கும். திருப்பாது விடின் வடக்கின் பயிர் வாடும்.

இவ்வழக்கை நாள்தோறும் புதிதாய்த் தீர்த்தல் இயலாது. ஆதலின் பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் முன்னரே நீர்ப் பங்கீட்டுத் திட்டம் வகுக்கப்படுகின்றது. குடிநீர் முதலாவது, வேளாண்மை அடுத்தது, மின்சாரம் அதற்கும் அடுத்தது. இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. கதிர் ஈனும் பயிர் ஒரு மாதம் பொறுத்திராது. மின்சாரத்தையோ, செலவு மிகினும், எரிபொருளாற் பெறலாம்.

மின்கலத்தால் இயங்கும் கணினியை அமைப்போரும் இந்நெறியையே கையாள்கின்றனர். சேமிப்பு அளவுடையது, பணிகளோ பல. காலந் தவறின் பயனிழக்கும் பணியை முன்வைத்து, பொறுக்கக்கூடியதைப் பிற்போட்டு, இன்றியமையாப் பணிக்கென ஒரு பகுதியைத் தொடாது வைத்தல் அவர்தம் முறை.

தொடாது வைக்கும் பகுதி குறைந்தால் விளைவது யாது என்பதனை 1996 ஆம் ஆண்டின் வரட்சி உணர்த்திற்று. அந்நாளில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி நீரினின்றே கிடைத்தது. மழை பொய்க்க, நீர்த்தேக்கங்கள் வற்றின; நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நேர்ந்தது. வீடுகள் இருண்டன, ஆலைகள் நின்றன. மாற்று வழி போதாதவிடத்து, வரிசையில் இறுதியில் நிற்போரே முழு இழப்பையும் சுமக்க நேரும் என்பது அவ்வாண்டு தந்த பாடம். 2011 இல் நுரைச்சோலையில் அனல் மின்னிலையம் இயங்கத் தொடங்கியபின் நீரின் சுமை ஓரளவு குறைந்தது.

அணையின் உயரம் மாத்திரம் நம்பகத்தைத் தருவதில்லை. உள்ளதை எவ்வரிசையிற் செலவிடுவது என்பதனை, வற்றுமுன்னரே, யாவரும் அறியத் தீர்மானித்தலே அதனைத் தருவது. பொல்கொல்லையிற் பிரியும் நீர் உணர்த்தும் உண்மை இதுவேயாம்.