புள்ளியும் கோடும்
(அளவீடுகளுக்கு வளைகோடு பொருத்திய வரலாறு)

அளத்தலும், அளந்தவற்றை முறையாகக் குறித்துவைத்தலும் அறிவியலுக்கு அடிப்படையாவன. ஆயினும், குறித்துவைத்த எண்கள் தாமே பேசமாட்டா. அவற்றை வரைபுத்தாளிற் புள்ளிகளாக இட்டு, அப்புள்ளிகளுக்கிடையே செல்லும் கோடு யாதெனக் கண்டபின்னரே அவற்றினுள்ளே மறைந்துகிடக்கும் விதி புலனாகும். முன்னோர் பலநாள் இருந்து கணித்துக் கண்ட அக்கோட்டை இன்று மேசைக்கணினியிலுள்ள மென்பொருள் கண்ணிமைக்கும் பொழுதில் வரைந்து தருகின்றது. இவ்வசதி எவ்வாறு வந்தது, இது நமக்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனொருவன் விஞ்ஞானத்தின் எல்லைக்குட் புகுவது ஏனென்று வினவுவோர் இருத்தல் கூடும். அதற்குக் காரணமாயமைந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறுதல் பொருத்தமாகும்.

கணினி அறையின் மேற்பார்வை எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவனொருவன் தான் வரைந்த வரைபைக் கொணர்ந்து காட்டினான். எளிய ஊசலின் நீளத்தை 30 சதமமீற்றரிலிருந்து 90 சதமமீற்றர் வரை பத்துப்பத்தாகக் கூட்டி, ஏழு நீளங்களுக்கும் இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராகக் குறித்திருந்தான். ஏழு புள்ளிகளையும் அணுவளவும் பிசகாது தொட்டுச் சென்றது ஓர் அழகிய வளைகோடு. பொருத்தத்தின் நிறைவைக் காட்டும் 'ஆர் வர்க்கம்' என்னும் எண் சரியாக 1 என அச்சாகியிருந்தது. இதனினுஞ் சிறந்த பரிசோதனை இருத்தல் இயலாது என்பது அவன் துணிபு. பௌதிகவியல் ஆசிரியராகிய எம் நண்பரோ அதனைக் கண்டு, ஒன்றுங் கூறாது முறுவலித்தார். அம்முறுவலின் பொருளை அறிய விழைந்தமையே எம்மை இவ்வரலாற்றினுள் இட்டுச்சென்றது.

எண்ணையும் கோட்டையும் ஒன்றாக இணைத்த பெருமை பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டுக்கு உரியது. 1637ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கேத்திரகணித நூல், சமன்பாட்டை வளைகோடாகவும் வளைகோட்டைச் சமன்பாடாகவும் காணும் வழியைத் திறந்தது. எனினும், அளந்துபெற்ற எண்களை வரைபாக்கும் வழக்கம் பரவுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் லம்பேட் என்பார் வெப்பம் முதலியன பற்றிய அளவீடுகளை வரைபுகளாக்கி ஆராய்ந்தார். 1786இல் வில்லியம் பிளேபெயர் வெளியிட்ட வணிக அரசியற் படநூல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளால் விளக்கியது. எண்ணட்டவணையில் நெடுநேரம் தேடிக் காணவேண்டியதை ஒரே நோக்கிற் காட்டவல்லது வரைபு என்பதை வணிகரும் அரசினரும் அதனால் உணரலாயினர்.

புள்ளிகள் சிலவாக இருக்கும்போது அவற்றுக்குரிய கோட்டைக் கண்டறிதல் எத்துணை அரிய செயல் என்பதை உலகுக்கு உணர்த்தியது வானியலேயாம். 1801ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி, சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரிற் பியாற்சி என்னும் வானியலறிஞர் சீரிசு என்னும் சிறு கோளைக் கண்டார். பெப்ரவரி 11ஆந் திகதிவரை, நாற்பத்தொரு நாள்களுக்குள், அவர் அதனைச் சிற்சில இரவுகளில் நோக்கிக் குறித்தார். அதன்பின் நோய் அவரைத் தடுத்தது; கோளும் சூரியனொளியுள் மறைந்துபோயிற்று. வானத்தின் மிகச் சிறு பகுதியில் அது கடந்த வழியைக்கொண்டு, மாதங்கள் பல கழிந்தபின் அது எங்கே தோன்றும் எனக் கூறவல்லார் யார்? இருபத்துநான்கு வயதினராகிய கௌஸ் புதிய முறையொன்றை வகுத்து அதன் ஒழுக்கைக் கணித்தார். அவ்வாண்டின் இறுதி நாளில் வொன் சாக்கும், மறுநாள் ஒல்பர்சும், கௌஸ் கூறிய இடத்துக்கு அண்மையில் அக்கோளை மீண்டுங் கண்டனர். சில புள்ளிகளிலிருந்து ஒரு கோட்டையும், அக்கோட்டிலிருந்து காணாத புள்ளியையும் பெறலாம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நோக்குவோன் எத்துணைக் கவனமுடையனாயினும் அளவீட்டில் வழு நேர்ந்தே தீரும். ஆதலின், எல்லாப் புள்ளிகளையும் ஒருங்கே தொடும் எளிய கோடு கிடைப்பது அரிது. அவ்வாறாயின் எக்கோட்டைச் சிறந்ததென்பது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே இழிவு வர்க்க முறை. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வர்க்கித்துக் கூட்டினால், எக்கோட்டுக்கு அக்கூட்டுத்தொகை மிகக் குறைவோ அக்கோடே சிறந்ததென அம்முறை கூறும். வர்க்கித்தலால், மேலே நிற்கும் வேறுபாடும் கீழே நிற்கும் வேறுபாடும் ஒன்றையொன்று அழித்துவிடா. பெரிய வேறுபாடு மிகுந்த நிறை பெறும். 1805இல் வால்வெள்ளிகளின் ஒழுக்கைப் பற்றிய நூலின் பின்னிணைப்பாக லெஜாந்தர் இம்முறையை வெளியிட்டார். 1809இற் கௌஸ், தாம் 1795 முதல் இதனைக் கையாண்டு வருவதாக எழுதினார். முன்னுரிமை பற்றி இருவரிடையே மனக்கசப்பு நிகழ்ந்தது. கௌஸ் அம்முறையை வழுக்களின் நிகழ்தகவோடு இணைத்து, அதற்கு உறுதியான அடித்தளமும் அமைத்தார்.

முறை கிடைத்தது, ஆனால் உழைப்புக் குறையவில்லை. நேர்கோட்டுக்கு இம்முறையைக் கையாற் செய்து முடித்தல் இயலும். வளைகோடுகளுட் பலவற்றுக்கோ ஊகித்த விடையொன்றிலிருந்து தொடங்கி, மீண்டும் மீண்டுங் கணித்துத் திருத்திச் செல்லவேண்டும். அவ்வுழைப்புக்கு அஞ்சிய அறிஞர் வளைந்ததை நேராக்கும் உபாயங்களைத் தேடினர். மடக்கைத் தாள் அவற்றுள் ஒன்று. 1934இல் லைன்வீவர், பேர்க் என்னும் இருவர் நொதியத் தாக்கங்களை ஆராய்வதற்குக் காட்டிய வழி மற்றொன்று. தாக்கவீதத்தால் ஒன்றை வகுத்துப் பெற்ற எண்ணையும், கீழ்ப்படையின் செறிவால் ஒன்றை வகுத்துப் பெற்ற எண்ணையும் குறித்தால், வளைகோடு நேர்கோடாகும். அளவுகோல் ஒன்றே போதும். ஆனால் சிறிய எண்ணால் ஒன்றை வகுத்தால் விடை பெரிதாதலின், மிகச் சிறிய வீதங்களில் நேர்ந்த சிறு வழுவும் பெருவழுவாகி, கோட்டைத் தன்பால் இழுத்துவிடும். எளிமைக்காகக் கொடுத்த விலை இது. ஆயினும், வேறு வழியில்லாத காலத்தில் அவ்வுபாயம் ஆய்கூடங்கள் பலவற்றுக்கும் கைகொடுத்தது என்பதை மறுத்தல் ஆகாது.

வளைகோட்டை வளைகோடாகவே பொருத்தும் வழியை இருவர் வகுத்தனர். 1944இல், அமெரிக்க இராணுவத் தளவாட நிலையமொன்றிற் பணியாற்றிய லெவன்பேர்க் ஒரு முறையை வெளியிட்டார். டூபொன்ட் இரசாயனக் கம்பனியைச் சேர்ந்த மார்க்குவாட், 1963இல் அதனையொத்த முறையைக் கணினிக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தி வெளியிட்டார். மலையிலிருந்து மூடுபனியில் இறங்குவோன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கின் அடி எங்குளதென அவன் அறியான். தொலைவில் நிற்கும்போது காலடியிலுள்ள சரிவை நோக்கிச் சிறுசிறு அடியாக வைப்பது நன்று. அடிவாரம் அண்மித்ததும் நீண்ட எட்டு வைத்து விரைவில் அடையலாம். எப்போது சிற்றடி, எப்போது நெட்டடி என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வதே இம்முறையின் நுட்பமாகும். 1980இல் ஆகன் தேசிய ஆய்வுகூடத்தார் வெளியிட்ட 'மின்பாக்' என்னும் நிரற்றொகுதியிலும் இம்முறை இடம்பெற்றது. இன்றைய பொருத்தல் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இயங்குவதும் இதுவே.

இதற்கிடையில் எச்சரிக்கை ஒன்றும் எழுந்தது. 1953இல் இளைஞராகிய பிரீமன் டைசன், மீசன்களும் புரோத்தன்களும் மோதிச் சிதறுதல் பற்றித் தம் மாணவருடன் செய்த கணிப்புகளைச் சிக்காக்கோவில் பேர்மியிடங் காட்டினார். அவை பேர்மியின் அளவீடுகளோடு நன்கு ஒத்திருந்தன. விரும்பியவாறு மாற்றி அமைக்கத்தக்க எண்கள், அஃதாவது பரமானங்கள், எத்தனையென்று பேர்மி வினவினார். நான்கு என்றார் டைசன். நான்கு பரமானங்கள் இருந்தால் யானையொன்றையே பொருத்திவிடலாம், ஐந்து இருந்தால் அதன் துதிக்கையையும் அசைப்பிக்கலாம் என்று தம் நண்பர் வொன் நொய்மன் கூறுவதுண்டெனப் பேர்மி நினைவூட்டினார். பின்னர் அவ்வாராய்ச்சி கைவிடப்பட்டது. அக்கொள்கை பிழையானது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. பிழையான கொள்கையிலிருந்து பெற்ற கோடும் புள்ளிகளோடு அழகாகப் பொருந்தக்கூடும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

பெருங்கணினிகளின் காலத்தில் இவ்வசதி நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. 1959இல் கல்கொம் கம்பனியின் உருளை வரைகருவி தோன்றியபின் பொறியே பேனா பிடித்துக் கோடு வரையலாயிற்று. 1979இல் வெளிவந்த 'விசிகல்க்' என்னும் விரிதாள் மேசைக்கணினியை எண்களின் பட்டறையாக்கியது. 1983இல் வந்த 'லோட்டஸ் 1-2-3' விரிதாளோடு வரைபையும் இணைத்தது; 1985இல் 'எக்செல்' தோன்றியது. 1986இல் தோமஸ் வில்லியம்ஸ், கொலின் கெல்லி என்னும் இருவர், தாம் கற்றுக்கொண்டிருந்த வகையீட்டுச் சமன்பாடுகளையும் மின்காந்தவியலையும் கண்ணாற் காணவேண்டி 'நூபுளொட்' என்னும் மென்பொருளை ஆக்கினர். வளைகோடு பொருத்தும் கட்டளை பின்னர் அதிற் சேர்ந்தது. நுண்வெப்பமானிகளின் அளவீடுகளை ஆராய்வதற்கென்றே பிறந்த 'ஒறிஜின்' 1992இற் பொதுமக்களுக்குக் கிடைத்தது. விலைகொடுத்து வாங்க இயலாதார்க்குச் 'சைடேவிஸ்', 'லாப்புளொட்' முதலியன இலவசமாக வந்தன. 2003இல் நரம்புயிரியலறிஞர் ஜோன் ஹன்ரர் வெளியிட்ட 'மற்புளொட்லிப்' இன்று உலகெங்கும் வழங்குகின்றது. மாணவர் தாம் கற்றற்பொருட்டு ஆக்கிய கருவியும், கம்பனி தன் கருவிக்கெனச் செய்த துணைப்பொருளும் பொதுவுடைமையும் பொதுவழக்கும் ஆயின.

இக்கருவிகளால் விளைந்த நன்மை பெரிது. வளைந்ததை வலிந்து நேராக்கவேண்டிய தேவை ஒழிந்தது. மாதக்கணக்கான உழைப்பு நொடியாகச் சுருங்கிற்று. எனினும், எவ்வகைக் கோட்டைப் பொருத்துவது, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பவற்றைப் பெரும்பாலும் மனிதனே கூறவேண்டும். தொடக்க ஊகம் தவறாயின், பனியில் இறங்குவோன் வேறொரு பள்ளத்தில் நின்றுகொண்டு அதுவே அடிவாரமென எண்ணிவிடுதல்போல, மென்பொருளும் தவறான விடையில் அமைந்துவிடும். எண்களை மட்டும் நம்புவதன் கேட்டை 1973இற் புள்ளிவிபரவியலறிஞர் அன்ஸ்கொம் தெளிவாகக் காட்டினார். பதினொரு புள்ளிகளைக் கொண்ட நான்கு தொகுதிகளை அவர் அமைத்தார். நான்கிலும் இடைகள் ஒன்றே, படித்திறன் 0.5 ஆகவுள்ள பொருத்தக் கோடும் ஒன்றே. இணைபுக் குணகமும் ஏறத்தாழ 0.82 ஆகிய ஒன்றே. ஆனால் வரைந்து பார்த்தால், ஒன்று நேர்கோட்டைச் சுற்றிச் சிதறி நிற்கும். ஒன்று வளைந்து செல்லும். ஒன்றிற் புள்ளியொன்று மட்டும் விலகி நிற்கும். மற்றையதில் தனிப்புள்ளியொன்றே கோட்டை ஆளும். கணிப்பு ஒன்றெனச் சொன்னதைக் கண் நான்கெனக் கண்டது.

இனி, நம் மாணவனிடம் மீள்வாம். மென்பொருளின் பட்டியலிலிருந்து அவன் தெரிந்தெடுத்தது ஆறாம் படிப் பல்லுறுப்பி. அதற்குரிய குணகங்கள் ஏழு. அவனிடமிருந்த புள்ளிகளும் ஏழு. ஏழு எண்களை விரும்பியவாறு மாற்றலாமெனின் ஏழு புள்ளிகளையுந் தொடுதல் வியப்பன்று. எவ்வெண்களை இட்டிருப்பினும் 'ஆர் வர்க்கம்' 1 ஆகவே வந்திருக்கும். எம் நண்பர் வரைபுத்தாளொன்றை எடுத்து, அளவுகோலால் உற்பத்தியினூடாக நேர்கோடொன்றை வரையுமாறு பணித்தார். ஆறு புள்ளிகள் கோட்டை ஒட்டி நின்றன. 60 சதமமீற்றர் நீளத்துக்குரியது மட்டும் கீழே விழுந்து நின்றது. கோட்டின்படி 2.42 ஆக இருக்கவேண்டிய வர்க்கம் 2.18 ஆக இருந்தது. இருபது அலைவுகளுக்கு ஏறத்தாழ 31.1 செக்கன் ஆகவேண்டிய இடத்தில் அவன் ஏட்டில் 29.5 செக்கன் எனக் குறிக்கப்பட்டிருந்தது. மாணவன் சிறிது நேரம் அதனையே நோக்கிக்கொண்டிருந்தான். பின்னர், குறைவுபட்ட நேரம் ஓர் அலைவின் நேரத்துக்குச் சமமென்பதைத் தானே கண்டு, பத்தொன்பதை இருபதென எண்ணிவிட்டேன் என்றான்.

எல்லாப் புள்ளிகளையுந் தொட்ட கோடு அவன் பிழையை மறைத்தது. ஒரு புள்ளியைத் தொடாது சென்ற கோடு அதனை வெளிப்படுத்தியது. ஊசலின் விதியை அறிந்தவன் அவ்விடத்தில் நேர்கோட்டை எதிர்பார்ப்பான்; எதிர்பார்த்தது வாராதபோது ஏனென வினவுவான். அவ்வினாவே பரிசோதனையின் பயன். மறுநாள் அவன் ஆய்கூடத்துக்குச் சென்று அந்நீளத்துக்குரிய அளவீட்டை மீண்டும் எடுத்தான். எம் நண்பரின் முறுவலுக்கும் பொருள் விளங்கிற்று.

வரலாற்று மாணாக்கரும் இதிற் கற்கவேண்டியது உண்டு. கிடைத்த சான்றுகளையெல்லாம் தன் கொள்கைக்குள் அடக்கிவிடும் வரலாற்றாசிரியனும் ஏழு புள்ளிகளுக்கு ஆறாம் படி வளைகோடு வரைந்தவனே ஆவான். பொருந்தாது நிற்கும் சான்றே மீண்டும் ஆராய நம்மை அழைப்பது. ஆகவே, மாணவர்காள்! மென்பொருளை அஞ்சாது கையாளுங்கள். கௌசுக்குங் கிட்டாத வசதி உங்கள் மேசைமேல் இருக்கின்றது. ஆனால் கோடு பொருத்துமுன் புள்ளிகளை நோக்குங்கள். பொருத்தியபின் விலகி நிற்கும் புள்ளியை நோக்குங்கள். அப்புள்ளியை அழிக்குமுன் ஆய்கூடத்துக்கு மீண்டும் ஒருமுறை செல்லுங்கள்.