ஒலியினின்று அக்ஷரத்திற்கு: பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகளின் எழுத்தறிவு

எழுத்தைக் கற்கத் தொடங்கும் குழந்தையிடம் ஏற்கெனவே ஒரு பாஷை குடிகொண்டிருக்கிறது என்பதும், அந்தப் பாஷையின் ஒலிகளுக்கு வரிவடிவம் காட்டுவதே எழுத்தறிவின் முதற்காரியம் என்பதும் கல்வியாளர் பலரும் ஒப்பிய விஷயங்கள். ஆயினும், நாவில் வழங்கும் சொல்லும் ஏட்டில் அமையும் சொல்லும் வேறுபட்டு நிற்கும் தமிழில் இந்த உண்மையைப் போதனையில் கைக்கொள்வதற்குத் தனிச் சிரத்தை வேண்டும்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தண்டு அமைத்த காலந்தொட்டுத் தமிழர் திரளாகக் குடியேறிய பெங்களூரில் இந்த அவசியம் நன்கு புலப்படுகிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி, பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பள்ளிப் பாடம் பயில்கிறது. தமிழ் எழுத்தையோ பெற்றோரிடத்தும், தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் வகுப்புகளிலும் கற்கிறது. பயிற்றுமொழி பற்றிய 1994-ஆம் ஆண்டு அரசாணையும், தாய்மொழியை அரசு கட்டாயமாக்க இயலாதென்ற 2014-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பும் எம்மொழியில் கற்பிப்பது என்ற வழக்கையே ஆராய்ந்தன. எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியரின் பொறுப்பாகவே எஞ்சி நிற்கிறது.

நம் அரிச்சுவடிகளில் இகரத்திற்கு இலையும், உகரத்திற்கு உரலும், எகரத்திற்கு எலியும் படம் எழுதிக் காட்டுவது நெடுங்கால வழக்கம். ஆனால் பேச்சில் இலை 'எல' என்றும், உரல் 'ஒரல்' என்றும் ஒலிப்பதால், வீட்டுப் பேச்சை மட்டும் அறிந்த குழந்தையின் செவிக்கு இலையும் எலியும் ஒரே உயிரில் தொடங்குகின்றன. அவற்றுக்கு இருவேறு எழுத்து ஏன் என்று அது மயங்குமாயின் அந்த மயக்கம் கூர்மையான செவியின் விளைவேயன்றி அறிவின் குறையன்று. பெங்களூரில் இது இரட்டிக்கிறது. ஏனெனில் கன்னடத்தில் இலை 'எலெ' என்றும், குடை 'கொடெ' என்றும், உரல் 'ஒரளு' என்றும் பேசப்படுவதோடு அவ்வாறே எழுதவும் படுகின்றன. ஆகவே பள்ளியின் கன்னடப் பழக்கமும் வீட்டுத் தமிழும் ஒன்றுசேர்ந்து 'எலை' என்றே எழுதத் தூண்டுகின்றன.

கன்னடம் கற்கும் சிறுவர்களை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அக்ஷரங்களின் தொகை பெரிதாதலால் அவற்றை அறிய ஆங்கில எழுத்துக்களைக் காட்டிலும் நெடுங்காலம் ஆகிறதென்றும், அக்ஷரம் அசையைக் குறிப்பதால் தனித்தனி ஒலியைப் பிரித்தறியும் ஆற்றல் மெல்லவே தோன்றுகிறதென்றும் காட்டியது. 247 எழுத்துக்கள் கொண்ட தமிழும், உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே கொள்வதால், இவ்வகையைச் சார்ந்ததே. எனவே விளையாட்டிலும் விடுகதையிலும் சொல்லை அசையசையாகப் பிரித்துச் செவியைப் பழக்கியபின் எழுத்தைக் காட்டுவதே பிள்ளையின் ஸ்வபாவத்திற்கு இசைந்த முறையாகும்.

பேச்சுவழக்கிற்கு வகுப்பில் இடந்தந்தால் செந்தமிழ் சிதையுமென்ற அச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும் பேச்சிலிருந்து புறப்படுவது பேச்சிலேயே தங்குவதாகாது. ஈ, பூ, ஆடு, மாடு, எலி, ஊசி என, பேச்சும் எழுத்தும் ஒத்துநிற்கும் சொற்களை முதலில் பயிற்றுவித்து, எழுத்தொலி உறவில் குழந்தைக்கு நம்பிக்கை பிறந்தபின், இலை, இடம், குடை, உலகம் போன்றவற்றில் அடுத்த அசையின் அகரமும் ஐகாரமும் முன்னின்ற இகர உகரங்களைப் பேச்சில் எகர ஒகரங்களாகத் திரிக்கும் முறைமையை உதாரணங்களால் உணர்த்தினால், ஏட்டு வழக்கு காரணமற்ற கட்டளையாகத் தோன்றாமல் ஒழுங்குடைய அமைப்பாக விளங்கும். காரணம் அறிந்து எழுதும் குழந்தை பிழையைத் தானே திருத்திக்கொள்ளவும் வல்லதாகும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. அரிச்சுவடியின் சொல்வரிசையை மாற்றியமைப்பதும், குழந்தையின் உச்சரிப்பைப் பிழையென்று கடிந்துகொள்ளாமல் அதனையே பாடத்தின் தொடக்கமாகக் கொள்ள ஆசிரியரைப் பழக்குவதும் போதும். பள்ளியில் தமிழுக்கு இடங்கிடைக்காத குழந்தைகள் நிறைந்த பெங்களூரில், வார வகுப்புகளை நடத்துவோர் இச்சீர்திருத்தத்தை நாளையே தொடங்கலாம்; தொடங்குவது அவர்களது கடமையுமாகும்.